எரிச்சல் எங்கே இருக்கிறது?

பச்சை மிளகாய் பத்துப் பன்னிரண்டை வெறுங்கையால் நறுக்கி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, அரை மணி நேரம் கழித்து மறதியாகக் கண்ணைக் கசக்கியவர்களுக்கு இந்த அத்தியாயத்தின் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

மிளகாயின் உறைப்புக்குக் காரணம் கேப்சைசின் என்ற வேதிப்பொருள். அது எண்ணெயில் கரையும், தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால்தான் எத்தனை முறை கழுவினாலும் போகாத எரிச்சல், கொஞ்சம் நல்லெண்ணெய் தடவித் துடைத்தால் அடங்குகிறது. தோலுக்கு அடியில் இருக்கும் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் பதிந்திருக்கிறது. நரம்புச் செல்லின் சுவரில் வைத்த குட்டிக் கதவு என்று அதை நினைத்துக்கொள்ளுங்கள். சூடு ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது திறந்து, உடம்பை எச்சரிக்க வேண்டிய கதவு. கேப்சைசின் அதற்குக் கள்ளச்சாவி. கதவு திறந்ததும் கால்சியம், சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. நரம்பில் மின்துடிப்பு கிளம்புகிறது. 'சி' இழைகள் எனப்படும் மிக மெல்லிய நரம்பிழைகள் வழியாகத் தண்டுவடத்துக்குப் போய், அங்கிருந்து மூளைக்கு ஏறுகிறது. இந்தச் 'சி' இழைகள் சோம்பேறிகள். நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் செய்தியைக் கடத்தும். நிலைப்படியில் கால்விரலை இடித்துக்கொண்டால் முதலில் சுரீரென்று ஒன்று வரும். ஒரு நொடி கழித்து, 'அப்பாடா, அவ்வளவுதானா' என்று நினைக்கும்போது, விண்விண் என்று இன்னொன்று வரும். முதலாவது வேகமான இழைகளின் வேலை. பின்னால் வந்து சேர்வது 'சி' இழைகளின் சரக்கு.

டிஆர்பிவி1 கதவை டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் அடையாளம் கண்டார்கள். 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தொடுவுணர்வின் கதவுகளைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனும் அதைப் பகிர்ந்துகொண்டார். நம்மூர்ப் பேச்சு வழக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் முந்திக்கொண்டது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாக இங்கே வந்தது. புதிதாக வந்த காய்க்கு மிளகின் பெயரை ஒட்டி மிளகாய் என்று பேர் வைத்தார்கள். அது நாக்கில் செய்த வேலைக்கு நெருப்பின் சொல்லையே எடுத்து 'எரியுது' என்றார்கள். ஆய்வகம் இல்லாமலே சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். தீக்கும் மிளகாய்க்கும் உடம்பில் ஒரே கதவு.

இப்போது கேள்விக்கு வருவோம். மேலே சொன்ன கதையில் கதவு வந்தது, அயனி வந்தது, மின்துடிப்பு வந்தது. எரிச்சல் எங்கே வந்தது? மண்டையைத் திறக்கும் அறுவை மருத்துவரின் கண்ணுக்கு ஈரமான, வெளிறிய திசுதான் தெரியும். அங்கே எதுவும் எரிந்துகொண்டிருக்காது.

மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். எரிச்சலை அனுபவிப்பது உடம்புக்கு அப்பாற்பட்ட மனமோ ஆன்மாவோதான், மூளை அதற்குச் செய்தி கொண்டுபோகும் ஆள் மட்டுமே என்பது ஒரு பதில். எரிச்சலை மூளைதான் உண்டாக்குகிறது, ஆனால் உண்டான எரிச்சல் மூளை நிகழ்விலிருந்து வேறான ஒன்று என்பது இரண்டாவது. மூன்றாவது பதில் கேட்டவுடன் சற்று விசித்திரமாகப் படும்: மூளையில் நடக்கும் அந்த நிகழ்வு எரிச்சலை உண்டாக்கவில்லை, அந்த நிகழ்வுதான் எரிச்சல்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றும். ஐப்பசி மழை இரவை நினைத்துக்கொள்ளுங்கள். மின்னல் வெட்டுகிறது, பின்னாலேயே இடி இடிக்கிறது. மின்னல் காற்றைக் கடுஞ்சூடாக்கி, அந்தக் காற்று திடீரென்று விரிவதால் இடி உண்டாகிறது. மின்னல் காரணம், இடி காரியம், இரண்டும் இரண்டு. ஆனால் மேகத்தில் மின்னேற்றம் பாய்வதற்கும் மின்னலுக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டதல்ல. மின்னேற்றம் பாய்ந்து முடித்து, பிறகு மின்னல் என்று தனியாக ஒன்று நடப்பதில்லை. அந்தப் பாய்ச்சலுக்கே மின்னல் என்று பேர். ஆக நம் கேள்வி இப்படி ஆகிறது: எரிச்சல் மூளைக்கு இடி போன்றதா, மின்னல் போன்றதா? மின்னல் போன்றது என்பவர்களைத்தான் ஒடுக்கப் பொருள்முதல்வாதிகள் என்கிறோம்.

*

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பொருள்முதல்வாதம் என்ற சொல்லைத் தமிழில் பெரும்பாலோர் மார்க்சிய நூல்கள் வழியாகத்தான் சந்தித்திருப்பார்கள். அங்கே அது வரலாறு, உற்பத்தி, வர்க்கம் பற்றியது. மார்க்சியர்கள் பலருக்கு நாம் இங்கே பேசப்போகும் ஒடுக்கவாதம் உவப்பானதும் அல்ல. இந்த அத்தியாயத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான்: இருப்பதெல்லாம் இயற்பியல் பேசும் பொருள்களும் அவற்றின் இயக்கமும்தான், மனமும் அதில் அடக்கம். சொத்து ஆசைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

முன்னொட்டாக வரும் சொல்லைத் தமிழில் 'குறைத்தல்' என்று பெயர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. குறைத்தல் என்றதும் ஏதோ பறிபோகிறது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. ஐரோப்பிய மொழிகளில் இந்தச் சொல்லுக்கு மூலமான லத்தீன் வினைக்குத் 'திரும்ப அழைத்துச் செல்லுதல்' என்றே பொருள். நமக்கு இதைவிட நல்ல சொல் சைவ சித்தாந்தத்தில் கிடைக்கிறது: ஒடுக்கம். தோன்றிய ஒன்று தன் காரணத்துக்குள் போய் அடங்குவதை அங்கே அப்படிச் சொல்வார்கள். உயிரும் உடம்பும் வேறு என்பதில் சித்தாந்திகளுக்குத் துளியும் ஐயம் கிடையாது. அவர்களுடைய சொல்லை எடுத்து அவர்கள் ஒருபோதும் ஒப்பாத கொள்கைக்கு வைக்கிறேன். பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: சித்தாந்தத்தில் ஒடுக்கம் காலத்தில் நடப்பது, ஊழிக் காலத்தில் நடப்பது. இங்கே ஒடுங்குவது விளக்கம். மனத்தைப் பற்றிய பேச்சை உடம்பைப் பற்றிய பேச்சுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும் என்பதே இதன் சாரம்.

வெப்பநிலை இப்படி ஒடுங்கிய ஒன்று. ஒரு வாயுவின் வெப்பநிலை என்பது அதன் மூலக்கூறுகளுடைய சராசரி இயக்க ஆற்றலின் அளவு. அப்படிக் கண்டுபிடித்ததால் வெயில் சுடாமல் போய்விடவில்லை. இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒடுக்கம் வேறு, ஒழிப்பு வேறு. 18ஆம் நூற்றாண்டில் வெப்பம் என்பது கலோரிக் என்னும் கண்ணுக்குத் தெரியாத பாய்மம் என்று நம்பினார்கள். சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு அது வழிந்தோடுமாம். மியூனிக் நகரப் படைக்கலச் சாலையில் பீரங்கிக் குழாய்களைக் குடையும் வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்த ரம்ஃபோர்டு, மழுங்கிய துளைக்கருவியை உரசவிட்டு, சுற்றி நிரப்பிய தண்ணீரை இரண்டரை மணி நேரத்தில் கொதிக்கவே வைத்துக் காட்டினார். உரசிக்கொண்டே இருந்தால் வெப்பமும் வந்துகொண்டே இருந்தது. உள்ளே சேமித்திருந்த பாய்மம் என்றால் அது ஒரு கட்டத்தில் தீர்ந்திருக்க வேண்டும் அல்லவா? 1798இல் அவர் இதை வெளியிட்டார். அடுத்த அரை நூற்றாண்டில் கலோரிக் அறிவியலிலிருந்து துடைக்கப்பட்டது. அது ஒழிப்பு. வெப்பமோ இன்றும் இருக்கிறது, மூலக்கூறுகளின் இயக்கமாக.

மனத்தைப் பொறுத்தவரை ஒழிப்புக் கட்சியும் உண்டு. நம்பிக்கை, ஆசை என்று நாம் பேசுவதெல்லாம் கலோரிக் மாதிரி ஒருநாள் காணாமல் போகும் என்று 1981இல் பால் சர்ச்லண்ட் எழுதினார். ஒடுக்கவாதி அவ்வளவு தூரம் போவதில்லை. எரிச்சல் உண்டு, காதல் உண்டு, துக்கம் உண்டு. அவை என்ன என்பதைத்தான் அவர் சொல்ல வருகிறார். 'அப்படியானால் என் துக்கம் வெறும் வேதிவினையா?' என்று யாராவது கேட்டால், அந்த 'வெறும்' என்ற சொல்லை யார் கொண்டுவந்து வைத்தது என்று பாருங்கள். கொள்கையில் அது இல்லை.

*

இந்தக் கொள்கைக்கு இன்னொரு பெயரும் உண்டு: முற்றொருமைக் கோட்பாடு. பள்ளிக் கணக்கில் படித்த அதே முற்றொருமைதான். இடப்பக்கமும் வலப்பக்கமும் எப்போதும் ஒன்றே. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. இயற்கணித முற்றொருமையைத் தாளில் போட்டுப் பார்த்தே நிறுவிவிடலாம். மின்னலும் மின்பாய்ச்சலும் ஒன்று என்பதைத் தாளில் நிறுவ முடியாது; வானத்தைப் பார்த்தாக வேண்டும்.

விடியற்காலையில் கிழக்கே தெரிவதை விடிவெள்ளி என்கிறோம். அந்தியில் மேற்கே தெரிவது அந்திவெள்ளி. இரண்டும் ஒரே கோள்தான். தமிழில் இரண்டு பெயரிலும் 'வெள்ளி' இருப்பதால் இந்தக் கண்டுபிடிப்பின் அதிர்ச்சி நமக்குச் சற்றுக் குறைவு. பழைய கிரேக்கர்கள் இரண்டுக்கும் தொடர்பே இல்லாத பெயர்கள் வைத்திருந்தார்கள். விடிவெள்ளியைப் பார்த்து ஏர் பூட்டப் போகிற ஒருவருக்கு அந்திவெள்ளியைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். அதனால் இரண்டும் வேறு வேறு கோள்கள் என்று ஆகிவிடாது. முற்றொருமைக்கு எதிராக முதலில் எழும் தடையை இந்த எடுத்துக்காட்டு தீர்த்துவைக்கிறது. 'என் பாட்டிக்கு நரம்பு என்றால் என்னவென்று தெரியாது, எரிச்சல் என்றால் நன்றாகவே தெரியும், அப்படியிருக்க இரண்டும் எப்படி ஒன்றாகும்?' என்பது அந்தத் தடை. பாட்டிக்குத் தெரிந்தது ஒரு பெயர், ஒரு வழி. அந்த வழியில் போய்ச் சேரும் பொருளுக்கு இன்னொரு பெயரும் இன்னொரு வழியும் இருக்கக் கூடாது என்று யார் சொன்னது?

*

மனமும் உடம்பும் வேறு வேறு என்ற கொள்கையின் பலவீனத்தை முதலில் கூர்மையாகத் தொட்டவர் ஓர் இளவரசி. பொஹிமியாவின் எலிசபெத், நாடிழந்த குடும்பத்தோடு நெதர்லாந்தில் வாழ்ந்துவந்தவர், 1643 மே மாதத்தில் தத்துவவாதி தெகார்த்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 24. மனம் இடத்தை அடைக்காத, உடம்பில்லாத ஒன்று என்கிறீர்கள். ஒன்றை நகர்த்த வேண்டுமானால் அதைத் தொட்டுத் தள்ள வேண்டும். தொடுவதற்கு உடம்பே இல்லாத மனம் கையை எப்படி நகர்த்துகிறது? அவர் கேட்டதன் சாரம் இது. தெகார்த் மரியாதையாகப் பதில் எழுதினார், பல கடிதங்கள் எழுதினார். கேள்வி அப்படியே இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் அது இன்னும் இறுகியது. 1840களில் மேயர், ஜூல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோரின் உழைப்பில் ஆற்றல் அழியாமை விதி உருவானது. இயற்கையின் கணக்குப் புத்தகத்தில் வரவும் செலவும் காசு பிசகாமல் பொருந்துகின்றன. வெளியிலிருந்து ஒரு மனம் வந்து நரம்பின் அயனிகளைத் தள்ளினால் அந்தக் கணக்கு எங்கே போய் உதைக்கும்? உயிரைப் பற்றிய பழைய எண்ணமும் அதே காலத்தில் ஆட்டம் கண்டது. உயிருள்ளவற்றின் வேதிப்பொருள்களை உயிரால்தான் ஆக்க முடியும் என்று கருதியிருந்தபோது, 1828இல் ஃபிரெடரிக் வோலர் சிறுநீரில் இருக்கும் யூரியாவை ஆய்வகத்திலேயே செய்துவிட்டார். இன்று உழவர்கள் மூட்டை மூட்டையாக வாங்கி வயலுக்கு இறைக்கும் அதே யூரியா.

இருந்தும் 'மனநிலை என்பது மூளை நிகழ்வுதான்' என்று தத்துவ உலகில் தெளிவாக வாதாடப்பட்டது 1950களில், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தை ஒட்டித்தான். யு. டி. பிளேஸ் அங்கே உளவியல் விரிவுரையாளர். ஜே. ஜே. சி. ஸ்மார்ட் தத்துவப் பேராசிரியர். ஸ்மார்ட் முதலில் பிளேஸின் கருத்தை மறுக்கத்தான் பார்த்தார். மறுக்கப் போய்க் கட்சி மாறினார். பிளேஸின் கட்டுரை 1956இலும் ஸ்மார்ட்டின் கட்டுரை 1959இலும் வந்தன. இடையில் 1958இல் ஹெர்பர்ட் ஃபைகல் அமெரிக்காவிலிருந்து இதே திசையில் நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார்.

பிளேஸ் செய்த வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது, ஒரு பழைய குழப்பத்துக்கு அவர் போட்ட முடிச்சவிழ்ப்பு. பளிச்சென்ற சிவப்புத் துணியை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பாருங்கள். பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிழல் தெரியும். சுவரில் பச்சை இல்லை. மண்டைக்குள்ளும் பச்சையாக எதுவும் இல்லை. அப்படியானால் அந்தப் பச்சை எங்கே இருக்கிறது? பௌதிக உலகில் இடமில்லாததால் மனம் என்ற வேறோர் உலகில்தான் இருக்க வேண்டும், இல்லையா? பிளேஸ் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பச்சையாக ஒரு பொருளே அங்கே கிடையாது என்றார். 'பச்சை தெரிகிறது' என்று நீங்கள் சொல்லும்போது, உண்மையில் பச்சைப் பொருள் ஒன்று கண்முன் இருந்தால் உங்களுக்குள் என்ன நடக்குமோ அதைப் போன்ற ஒன்று இப்போது நடக்கிறது என்றுதான் சொல்கிறீர்கள். நடப்பது மூளையில். நடப்பதற்கு நிறம் இருக்க வேண்டியதில்லை. பசியைப் பற்றிய கட்டுரைக்குப் பசிக்குமா?

நம் எரிச்சலுக்கும் இதுவே. மூளையில் எதுவும் எரியவில்லை என்பது முற்றொருமைக்கு எதிரான சான்று ஆகாது. நெருப்பு பட்டால் என்ன நடக்குமோ அது நடந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். விரல்கூட வேண்டியதில்லை. வெட்டி எடுக்கப்பட்ட கை இன்னும் இருப்பது போலவும் அது வலிப்பது போலவும் உணர்கிறவர்கள் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து வைத்தியம் பார்த்தார். இருக்கிற கையின் பிம்பம், இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும்படி கண்ணாடியை நிறுத்தினார். இருக்கிற கையை விரித்தால் இல்லாத கையும் விரிவதாகக் கண்ணுக்குத் தெரிந்தது. இறுக மூடி நகம் பதிந்து வலித்துக்கொண்டிருந்த இல்லாத கை, சிலருக்கு அந்தக் கணமே தளர்ந்தது.

*

தமிழில் இந்தக் கொள்கையின் மூதாதை ஒருவர் உண்டு. மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயத்தாரின் வாதங்களைக் கேட்கிறாள். அவர்களில் கடைசியாகப் பேசுகிறவன் பூதவாதி. தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் பிறவற்றையும் சேர்த்து ஊறவைத்தால் அவை எதிலும் இல்லாத போதை பிறக்கிறது அல்லவா, அதுபோலப் பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது என்கிறான் அவன். பூதங்கள் பிரியும்போது பறையின் ஓசை போல அது தேய்ந்து கெடும் என்கிறான்.

அருமையான உவமை. ஆனால் உற்றுப் பார்த்தால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பானையில் என்ன நடந்தது என்பது இன்று நமக்குத் தெரியும். ஈஸ்ட் சர்க்கரையை எத்தனால் ஆக்குகிறது. இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஒரு ஆக்ஸிஜன்; ஒளிவுமறைவு எதுவும் இல்லை. பானையின் வேதியியல் முழுவதும் ஒடுங்கிவிட்டது. ஆனால் பானைக்குள் போதை இல்லை! போதை குடித்தவனுடைய தலையில்தான் ஏறுகிறது. எதை விளக்க உவமையைக் கொண்டுவந்தானோ, அந்த உணர்வை உவமைக்குள்ளேயே ஒளித்துவைத்துவிட்டான் பூதவாதி. போதாததற்கு, உணர்வுள்ள பூதம், உணர்வில்லாத பூதம் என்று தொடக்கத்திலேயே இரண்டு வகையும் பிரித்துக்கொள்கிறான். இன்றைய ஒடுக்கவாதிக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் உணர்வில்லாத அயனிகளை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுவரை போக வேண்டும். மணிமேகலை அவனை வேறு முனையில் மடக்குகிறாள். கண்ணால் கண்டதை மட்டுமே ஒப்புவேன் என்கிறவன் தன் தாய் தந்தையரை எப்படி அறிந்தான் என்று கேட்கிறாள்.

*

முற்றொருமைக் கோட்பாடு தத்துவத் துறையில் கோலோச்சிய காலம் குறைவு. 1967இல் ஹிலரி பட்னம் கடலிலிருந்து ஒரு சாட்சியைக் கூட்டிவந்தார்: ஆக்டோபஸ். அதன் நரம்பணுக்கள் ஏறத்தாழ 50 கோடி. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இருக்கின்றன. நம் மூளைக்கும் அதன் நரம்பு அமைப்புக்கும் ஒற்றுமை மிகக் குறைவு. ஆனாலும் அதற்கு வலிக்கும் என்றே தோன்றுகிறது. தன் உடம்பில் அமிலம் செலுத்தப்பட்ட பின் அடைக்கப்பட்டிருந்த அறையை ஆக்டோபஸ் பிறகு தவிர்க்கிறது என்று 2021இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. வலி என்பது மனித மூளையின் இன்ன நிகழ்வுதான் என்றால் ஆக்டோபஸுக்கு வலிக்கவே கூடாது. அதற்கும் வலிக்கும் என்றால், வலி என்பது குறிப்பிட்ட ஒரு பொருள் அமைப்பாக இருக்க முடியாது. எந்த அமைப்பானாலும் சரி, அது செய்யும் வேலைதான் வலி. கத்தி இரும்பிலும் செய்யலாம், பீங்கானிலும் செய்யலாம் என்பது போல. பட்னத்தின் இந்த வாதம் பலரை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டது.

எனக்கு இந்த வாதம் சொல்லப்படுகிற அளவுக்கு வலுவானதாகப் படவில்லை. வாயுவின் வெப்பநிலை மூலக்கூறுகள் ஓடித் திரிவது. கெட்டியான இரும்பில் எதுவும் ஓடித் திரிவதில்லை. அணுக்கள் நின்ற இடத்திலேயே அதிர்கின்றன. அணுக்களே இல்லாத வெற்றிடத்துக்கும் அதில் நிறைந்த கதிர்வீச்சைக் கொண்டு வெப்பநிலை சொல்கிறோம். அதற்காக வெப்பநிலை ஒடுங்கவில்லை என்று யாரும் சொல்வதில்லையே. வாயுவில் அது இது, இரும்பில் அது அது. மனிதரின் வலி ஒன்று, ஆக்டோபஸின் வலி இன்னொன்று என்று இருந்துவிட்டுப் போகட்டும். டேவிட் லூயிஸ் இந்தப் பாதையில்தான் பதில் சொன்னார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தத்துவப் புத்தகங்களில் 'வலி என்பது சி இழைகள் தூண்டப்படுவது' என்ற வாக்கியம் வாய்ப்பாடு போல் திரும்பத் திரும்ப வரும். அது அப்பட்டமாகத் தவறு. 'சி' இழைகள் மூளையிலேயே இல்லை. தோலிலிருந்து தண்டுவடம் வரை செய்தி சுமக்கும் கம்பிகள் அவை. மூளையில் வலிக்கென்று ஒற்றை இடமும் இல்லை. எங்கே வலிக்கிறது என்பதைக் கவனிக்கும் பகுதி வேறு, அது எவ்வளவு கொடுமையாக இருக்கிறது என்பதைக் கவனிக்கும் பகுதி வேறு. இரண்டாவது பழுதானவர்கள், 'வலி தெரிகிறது, ஆனால் அது என்னைத் தொந்தரவு செய்யவில்லை' என்று சொல்கிறார்கள். ஆகவே வலி என்ற ஒற்றைச் சொல், ஒடுங்கும்போது ஒரே நிகழ்வாக ஒடுங்காமல் நாலைந்து நிகழ்வுகளாகப் பிரிந்துகூட ஒடுங்கலாம்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 1982இல் ஃபிராங்க் ஜாக்சன் ஒரு கற்பனைக் கதை சொன்னார். மேரி என்ற விஞ்ஞானி பிறந்தது முதல் கறுப்பு வெள்ளை அறையிலேயே அடைபட்டு வளர்கிறாள்; நிறம் பார்ப்பது பற்றிய எல்லா அறிவியல் உண்மைகளையும் படித்துவிடுகிறாள்; ஒருநாள் வெளியே வந்து முதன்முதலாகச் சிவப்பைப் பார்க்கிறாள். அவள் புதிதாக ஒன்றை அறிந்துகொண்டாளா, இல்லையா? நம் அடுப்பங்கரைக்கு இதைக் கொண்டுவந்தால்: டிஆர்பிவி1 பற்றி எல்லாம் தெரிந்த, ஆனால் வாழ்நாளில் மிளகாயைத் தொடாத ஒருவர் முதல் முறையாக ஒரு காந்தாரி மிளகாயைக் கடிக்கிறார். 'ஓ, இதுதானா அது!' என்பார் அல்லவா? அறிவியல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதென்றால் அந்த 'ஓ' எங்கிருந்து வந்தது?

ஒடுக்கவாதியின் பதில் விடிவெள்ளிக்கே திரும்புகிறது. அவர் அறிந்தது புது உண்மை இல்லை. பழைய உண்மையைப் புது வழியில் அறிந்திருக்கிறார். நீச்சலைப் பற்றி எல்லாம் படித்தவர் குளத்தில் இறங்கியதும் கற்றுக்கொள்வது போல. ஜாக்சனே பின்னாளில் தன் வாதத்தைக் கைவிட்டுப் பொருள்முதல்வாதிகள் பக்கம் வந்துவிட்டார்.

ஆனால் சால் கிரிப்கி 1970இல் பிரின்ஸ்டனில் ஆற்றிய உரைகளில் எழுப்பிய தடை அவ்வளவு எளிதில் அகலவில்லை. வெப்பம் வேறு, வெப்பம் நமக்குத் தெரியும் விதம் வேறு. மூலக்கூறுகள் வேகமாக ஓடும், ஆனால் உணர யாரும் இல்லை என்று ஒரு உலகத்தை நினைத்துப் பார்க்கலாம். அங்கேயும் வெப்பம் இருக்கும். விடிவெள்ளிக்கும் அப்படியே, பார்க்க ஆளில்லாவிட்டாலும் கோள் இருக்கும். வலிக்கு மட்டும் இந்தப் பிரிவு பொருந்துவதில்லை. வலிப்பது போல் தெரிந்தால் அது வலிதான். யாருக்கும் தெரியாத வலி வலியே இல்லை. இரண்டு வழிகளில் ஒரே பொருளுக்குப் போகிறோம் என்ற விளக்கம் இங்கே தடுமாறுகிறது, ஏனென்றால் தெரியும் வழியே இங்கே பொருளாகவும் இருக்கிறது. இதற்கு ஒடுக்கவாதிகள் பல பதில்கள் எழுதியிருக்கிறார்கள். படித்தவரை எதுவும் என்னை முழுதாக நிம்மதிப்படுத்தவில்லை.

*

அப்படியிருந்தும் இந்தக் கொள்கையின் பக்கம் ஏன் சாய வேண்டும்? சான்றுகள் முடிவுகட்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். 2006இல் வடக்குப் பாகிஸ்தானைச் சேர்ந்த சில குடும்பங்களை ஆராய்ந்தார்கள். ஆய்வுக்குத் தூண்டுகோலாக இருந்தவன் தெருவில் வித்தை காட்டிய ஒரு சிறுவன். நெருப்புக் கங்கில் நடப்பான், கையில் கத்தியைச் செருகிக்கொள்வான், வலி என்பதையே அறியாதவன். பதினான்கு வயதுகூட நிறையாமல், கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அந்தக் குடும்பங்களில் வலி தெரியாதவர்களுக்கு எல்லாம் நரம்பில் சோடியத்தை உள்ளே விடும் ஒரு கதவின் மரபணு பழுதாகியிருந்தது. ஒரு கதவு வேலை செய்யவில்லை. வாழ்நாள் முழுக்க வலி இல்லை. ஆனால் இரண்டாவது பதிலைச் சொல்கிறவர் இதைக் கேட்டு அசையமாட்டார். 'நான்தான் சொன்னேனே, மூளை நிகழ்வு இல்லாவிட்டால் வலி உண்டாகாது' என்பார். மின்னல் இல்லாவிட்டால் இடியும் இல்லை.

ஸ்மார்ட் இதை நன்றாக உணர்ந்திருந்தார். முற்றொருமையா, உடனிகழ்வா என்பதை எந்தச் சோதனையும் தீர்த்துவைக்காது என்றே அவர் வாதிட்டார். அவர் காட்டிய ஒப்புமை பிலிப் காஸ் என்ற 19ஆம் நூற்றாண்டு இயற்கையியலாளர். கடவுள் உலகைச் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே படைத்தார், படைக்கும்போதே பாறைகளில் புதைபடிவங்களையும் வைத்துப் படைத்தார் என்று 1857இல் காஸ் எழுதினார். எந்தப் புதைபடிவத்தைத் தோண்டிக் காட்டினாலும் அதுவும் அப்படியே வைக்கப்பட்டது என்றுவிடலாம். இதைச் சோதனையால் பொய்ப்பிக்க வழியில்லை. ஆனாலும் நாம் ஏற்பதில்லை. தேவையில்லாத சுமை என்று இறக்கிவைத்துவிடுகிறோம். மூளை நிகழ்வுகளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, தானாக எதையும் செய்யாத தனி எரிச்சல் ஒன்றும் ஸ்மார்ட்டுக்கு அப்படிப்பட்ட சுமைதான். பிளேஸ் இதில் நண்பரோடு சற்றே வேறுபட்டார். அவருக்கு இது மற்றதைப் போல ஓர் அறிவியல் கருதுகோள். சரியா தவறா என்பதை அறிவியல்தான் சொல்ல வேண்டும்.

பிளேஸ் 2000இல் இறந்தார். அவர் விருப்பப்படி அவருடைய மூளை அடிலெய்டு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதனுடன் ஒரு கேள்வியும் எழுதி வைக்கப்பட்டது: யு. டி. பிளேஸின் நனவு இந்த மூளைக்குள்தான் இருந்ததா? அவருடைய சொந்தக் கோட்பாட்டின்படி பார்த்தால் இந்தக் கேள்வியே கொஞ்சம் கோணல். நனவு ஒரு நிகழ்வு என்றவர் அவர். பானைக்குள் கள் இருப்பது போல அது மூளைக்குள் இருக்க வேண்டியதில்லை. பூதவாதியிடம் கேட்டால், அருங்காட்சியகத்துப் பறையைத் தட்டிப் பார்க்காமல் அதற்குள் ஓசை இருந்ததா என்று கேட்கிறீர்களே என்று சிரித்திருப்பான். ஆனால் கேள்வியை எழுதிய விதத்தில் பிளேஸ் ஜாக்கிரதையாகத்தான் இருந்திருக்கிறார். 'இருக்கிறதா' என்று கேட்கவில்லை. 'இருந்ததா' என்றுதான் கேட்டிருக்கிறார்.